பேலியகொடையிலிருந்து கோவா லொறியில் வந்த கெஃப்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கெஃப் எல்.எஸ். 50 ஸ்பீக்கர், பாவித்தது, கறுப்பு நிறம், ஒரு சோடி. கேட்ட விலை 165,000 ரூபா, கொடுத்தது 148,000. லொறிக் கூலி 2,000, அதையும் வேண்டாம் என்று அடம்பிடித்தவனின் சட்டைப் பைக்குள் திணித்தேன். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் பதினொரு பேர் போடும் சீட்டில் ஏழாவது மாதம் எனக்கு விழுந்த காசும், கொஞ்சம் கைக்காசும். அந்தக் காசுக்கு வேறு என்னென்ன செய்திருக்கலாம் என்று அம்மா ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். இன்னும் வாசித்து முடியவில்லை.

நான் இருப்பது கந்தப்பளை. இங்கிருந்துகொண்டு இந்த மாதிரிச் சாமானைக் கேட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. நுவரெலியா டவுனில் இருப்பதெல்லாம் நீலமும் சிவப்புமாய் மின்னும் பார்ட்டி ஸ்பீக்கர்கள். கொழும்புக்குப் போய் வர ஒரு நாள் லீவு போடவேண்டும், போன பிறகு பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு ரம்பொடை வளைவுகளில் வயிறு குமட்டத் திரும்பவேண்டும். அதனால் பார்க்காமலே வாங்குவது என்று முடிவு செய்தேன். எப்படி வாங்கினேன், எங்கே ஏமாறப் பார்த்தேன், வந்த சாமான் எப்படி இருக்கிறது என்பதுதான் இது.

கணக்கு டீச்சருக்கு ஸ்பீக்கர் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: அப்பா தோட்டத்துத் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியவர். ஹோர்னை மரத்தில் ஏற்றிக் கட்டி, மூன்று டிவிஷனுக்குக் கேட்கிற மாதிரி அம்மன் பாட்டுப் போடுவார். மழையில் நனைந்த ஹோர்ன் யூனிட்டைக் கழற்றி, உள்ளே கருகிப்போன கொயிலை அவர் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது எனக்கு நினைவிருக்கிறது. நான் வளர்ந்தது சத்தத்தில். அதனாலோ என்னவோ, இப்போது சத்தமில்லாமல் பாட்டுக் கேட்கவேண்டும் என்று ஆசை.

முதலில் மயங்கியது இந்த கெஃப்பில் அல்ல. ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வந்த, இடுப்பு உயர மூன்று வழி ஸ்பீக்கர் ஒரு சோடி, பாதி விலைக்கும் குறைவு. படத்தில் ராஜா மாதிரி நின்றது. விற்பவரிடம், பாட்டுக்கு அதிரும் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் விளிம்பை டோர்ச் அடித்துக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாய், பழைய கேக் உதிர்ந்த மாதிரி. பழைய ஸ்பீக்கர்களில் அந்த விளிம்பைப் பெரும்பாலும் பொலியூரிதேன் ஃபோமில் செய்தார்கள். காற்றிலிருக்கும் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். பத்திருபது வருடத்தில் விரல் வைத்தாலே மாவாகும். வெயில் காயும் ஊரிலேயே அப்படியென்றால், காலையில் ஜன்னலைத் திறந்தால் பனி வீட்டுக்குள் வந்து உட்காரும் எங்கள் ஊரில் என்ன ஆகும்? சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கும் இடம் இது. மாற்று விளிம்பு வாங்கி ஒட்டலாம்தான். அதை ஒட்டத் தெரிந்த ஆள் கிட்டத்தில் இல்லை. விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் விளிம்பு ரப்பராக இருக்கும் சாமானாய்த் தேடினேன். எல்.எஸ். 50 அப்படித்தான் கண்ணில் பட்டது. கெஃப் இங்கிலாந்தின் கென்ட்டில் 1961ல் தொடங்கிய கம்பனி. 50 வருட நிறைவுக்காகச் செய்து 2012ல் விட்டது இந்த மொடல். 1970களில் பிபிசிக்காரர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வான்களுக்குள் வைத்துக் கேட்கச் சின்னதாய் ஒரு ஸ்பீக்கர் வடிவமைத்தார்கள், எல்.எஸ். 3/5ஏ என்று. அதற்குள் இருந்து சத்தம் எழுப்பும் இரண்டு டிரைவர் யூனிட்டும் கெஃப் செய்தவை. அந்தப் பரம்பரையில் வந்த பெட்டி என்றுதான் இதைச் சொல்வார்கள். புதிதாய் வந்தபோது அமெரிக்காவில் சோடி 1,500 டொலர். 2020ல் இதற்கு அடுத்ததாக மெட்டா என்று ஒன்று வந்ததும், மாற்றிக்கொள்ள நினைத்தவர்கள் பழையதை விற்கத் தொடங்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அப்போதுதான் கதவு திறந்தது.

விற்றவர் தெஹிவளைக்காரர். போன் எடுத்ததும் முதல் கேள்வி, "ஹஸ்பண்டுக்கா பாக்குறீங்க?" எனக்குத்தான், நான் டீச்சர் என்றேன். சின்ன மௌனம். அப்புறம், "டீச்சரா? நல்லது நல்லது" என்றார். அதற்குப் பிறகு மரியாதைக்குக் குறைவில்லை. பேச்சுக்குப் பேச்சு டீச்சர்தான்.

அவர் உடனே வட்ஸ்அப்பில் பாட்டு ஓடும் வீடியோ நாலு அனுப்பினார். இதைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அந்த வீடியோவால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவருடைய போன் மைக் கேட்டதை, வட்ஸ்அப் நசுக்கியதை, என் போனின் நகமளவு ஸ்பீக்கர் வாசிக்கிறது. நான் கேட்டது என் போனைத்தான், கெஃப்பை அல்ல. அதில் பாஸ் அதிருது, வொய்ஸ் தெளிவு என்று சொல்பவர்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரை அழகு என்கிறார்கள்.

நான் கேட்டது வேறு. ரேடியோவில் எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் வைத்து, அந்த 'ஷ்ஷ்' இரைச்சலை முதலில் இடது ஸ்பீக்கரில் மட்டும், பிறகு வலதில் மட்டும் போடச் சொன்னேன். போனை இரண்டு முறையும் ஒரே தூரத்தில் பிடிக்கவேண்டும். இரைச்சலில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கும். ஒரு பக்கத்து ட்வீட்டர், அதாவது மேல் சுருதிகளுக்கான சின்ன யூனிட், செத்திருந்தால் அந்தப் பக்கம் 'ஷ்ஷ்' போய் 'ஹ்ஹ்' ஆகிவிடும். அந்த வித்தியாசம் மட்டமான போனிலும் தெரியும். இரண்டும் ஒரே மாதிரி வந்தன. அடுத்தது மின்தடை அளக்கும் மல்ட்டிமீற்றர். அவரிடம் இல்லை. பக்கத்து வீட்டில் வயரிங் வேலை செய்பவரிடம் இரவல் வாங்கி வந்து, பின்னால் வயர் மாட்டும் இரண்டு டெர்மினலிலும் வைத்துக் காட்டினார். பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் மீற்றரில் அதைவிடக் குறைவாகத்தான் வரும், பயப்படத் தேவையில்லை. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். தசமத்துக்கு முதலிடம் வரை ஒத்துப்போனது. உண்மையில் எனக்கு அந்த எண்ணைவிடப் பிடித்தது, அவர் மீற்றர் தேடிப் போனதுதான். ஒளிக்க ஏதாவது இருப்பவர் அந்த நேரத்தில் போனை எடுக்கமாட்டார்.

அப்படி நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் படங்களை மறுபடி பார்த்தேன். இடது, வலது என்று பெயர் போட்டு இரண்டு படம். இரண்டிலும் கீழ் மூலையில், அரிசிமணி அளவில், நிறம் உரிந்த ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மூலை, அதே சரிவு, அதே அளவு.

பதினாறு வருடமாய்க் கணக்குக் கொப்பி திருத்துகிறேன். சரியான விடை இரண்டு கொப்பியில் இருந்தால் ஒன்றும் சொல்லமுடியாது. ஒரே பிழை இரண்டு கொப்பியில் இருந்தால் ஒருவன் பார்த்து எழுதியிருக்கிறான். "அண்ணே, ரெண்டு படமும் ஒரே ஸ்பீக்கர்தானே?" என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு படம் வந்தது, கூடவே ஒரு குரல்: "டீச்சர்னு சொன்னப்பவே யோசிச்சேன்."

வலது ஸ்பீக்கரின் கோனில், ஓரத்தை ஒட்டி, ஒரு குழி. குழந்தையின் விரல் நுனி அளவு. அவருடைய சின்ன மகள் ஐந்து வயதில் செய்த வேலையாம். இந்த மொடல் முன்பக்கத்துக்குத் துணி மூடி இல்லாமல் வந்தது, செப்பு நிறத்தில் மினுங்கும் கோன் அப்படியே வெளியே தெரியும். எந்தக் குழந்தைக்கும் அது பொத்தான் மாதிரிதான் இருக்கும். கோன் மக்னீசியம், அலுமினியம் கலந்த உலோகம். கடதாசிக் கோன் என்றால் கொஞ்சம் நீவிவிடலாம். உலோகம் குழிந்தால் குழிந்ததுதான். நல்ல காலம், ட்வீட்டர் அதற்கு நடுவில் உள்ளே இருக்கிறது. அதற்கு முன்னால் தோடம்பழச் சுளை அடுக்கிய மாதிரி ஒரு காவல். அதனால் விரல் அங்கே போகவில்லை.

அந்தக் குழியின் விலை 17,000 ரூபா என்று பேசி முடித்தோம். அவர் 10 என்றார், நான் 25 என்றேன், பாதியில் 17,500 வரவேண்டியது, 500ஐ மகளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

இனி கொண்டுவருவது. கூரியரில் போடலாம் என்றார். ஒரு பெட்டி 7.2 கிலோ. அதை யார் எங்கே எறிவார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் ஊரில் அதைவிட நல்ல வழி இருக்கிறது. கந்தப்பளையிலிருந்து லீக்ஸும் கோவாவும் கரட்டும் ஏற்றிய லொறிகள் இரவில் பேலியகொடைச் சந்தைக்கு இறங்கும், பகலில் வெறும் கூடைகளோடு ஏறும். அதில் ஒரு லொறியை ஓட்டுபவன் என்னிடம் படித்தவன். கணக்கில் அவனுக்கு நான் போட்ட புள்ளிகளை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வான். காசில் பாதியை விற்றவரின் பேங்க் கணக்கில் போட்டேன். மீதியை அவன் கையில் கொடுத்து, சாமானைப் பார்த்துவிட்டுக் கொடு என்றேன். பார்க்காமல் வாங்கினேன் என்று சொல்வதே கொஞ்சம் பொய்தான். அவன் கண்ணால் பார்த்து வாங்கினேன்.

காலை ஒன்பதரைக்கு வீடியோ கோல். பின்னால் சந்தை இரைச்சல், யாரோ சிங்களத்தில் போஞ்சி விலை கத்துகிறார்கள். தெஹிவளைக்காரர் முச்சக்கர வண்டியில் கொண்டுவந்திருந்தார். அவர் வீட்டிலேயே பெட்டியைத் திறந்து பார்த்து, பழைய தலையணை இரண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார், ஒரிஜினல் ஃபோம் காணாமல் போய்விட்டதாம். பையனிடம் டோர்ச் பெட்டரி ஒன்றும் இரண்டு துண்டு வயரும் கொடுத்துவிட்டிருந்தேன். அப்பாவின் பரீட்சை அது. 1.5 வோல்ட் பெட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால் 'டொக்' என்று கேட்கும், கோன் வெளிப்பக்கம் வரும். உள்ளே போனால் யாரோ கழற்றி வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பெட்டரி மின்சாரம் ட்வீட்டருக்குப் போகாது, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் தடுத்துவிடும். அதனால் அதற்கு ஆபத்தில்லை, அதைப் பற்றி இந்தப் பரீட்சை ஒன்றும் சொல்லவும் சொல்லாது.

"தொடாதே, கோன்ல விரல் வைக்காதே" என்று நான் இங்கிருந்து கத்துகிறேன். அவன் குனிந்து பார்க்கிறான்.

"டொக்னு கேக்குது மிஸ்."

"வெளியயா, உள்ளயா?"

"இருங்க மிஸ், இன்னொருக்கா வைக்கிறேன்." மறுபடி. "வெளியதான். ரெண்டுமே வெளியதான்."

"குழி எத்தனை?"

"ஒண்ணு. அவர் சொன்னது மட்டும்தான். காசைக் குடுக்கவா?"

குடு என்றேன். அந்தப் பாவம் கிளீனர் அன்று பேலியகொடையிலிருந்து பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து வந்தான். முன் சீட்டில் தலையணை சுற்றிய கெஃப் இரண்டும்.

மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் லீக்ஸ் வாசம். அது இரண்டு நாளில் போய்விட்டது. போகாத ஒன்றும் இருந்தது. பின்பக்க டெர்மினல்களில் பச்சைக் களிம்பு. தெஹிவளை கடற்கரை ஊர். இங்கே பூஞ்சணம் என்றால் அங்கே உப்புக்காற்று. படங்களில் பின்பக்கமும் இருந்தது, ஆனால் வயர் மாட்டியபடி. கழற்றிவிட்டு எடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அது என் பிழை. இடது பக்கம் பாட்டுப் போட்டதும் கரகரவென்றது. வயரை அசைத்தால் நிற்கும், விட்டால் வரும்.

குத்துவிளக்குக்குப் புளி போடுகிற மாதிரி இதற்கும் போட்டால் என்ன என்று அம்மா கேட்டார். கை புளிப் பானை வரை போனது. அப்பா தடுத்தார். புளிநீர் இடுக்குக்குள் இறங்கி அங்கேயே நின்று இன்னும் அரிக்கும். பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும், காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு பெட்டியும் வாங்கினேன். டெர்மினலின் தலையைக் கழற்றி, வயர் நுழையும் அந்தச் சின்னத் துளைக்குள் குச்சியை விட்டுச் சுழற்றச் சுழற்ற, பஞ்சு மயில் கழுத்து நிறத்தில் வெளியே வந்தது. பதினெட்டுக் குச்சி. பத்தொன்பதாவது வெள்ளையாகவே வந்தது. கரகரப்பு போனது, இதுவரை வரவில்லை.

சரி, சத்தம் எப்படி?

மெதுவாகத்தான் பேசும். அதுவும் கணக்குத்தான். ஒரு வாட் கொடுத்தால் இது போடும் சத்தம் 85 டெசிபல். அப்பாவின் ஹோர்ன் மாதிரிச் சாமான்கள் ஒரு வாட்டில் 105 தொடும். இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு சக்தி. ஹோர்ன் ஒரு வாட்டில் போடும் சத்தத்தை இது போட 100 வாட் கேட்கும், 100 தான் கம்பனி சொல்லும் உச்சமும். குறைந்தது 25 வாட் ஆம்ப்ளிபையர் வேண்டும் என்றும் சொல்கிறது. என்னிடம் இருப்பது அண்ணன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன ஜப்பான் ஆம்ப், 40 வாட். அது 100 வோல்ட் சாமான், அதற்கு முன்னால் ஒரு ட்ரான்ஸ்போமர் போடாமல் எங்கள் 230ல் குத்தினால் புகைதான். ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதைச் சுவரில் குத்துவதில்லை.

எங்கள் முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு, மேலே தகரம். மழை பிடித்தால் கேட்பதை மறந்துவிடவேண்டும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் பாதி நாள் அப்படித்தான். மழை விட்ட இரவுகளில், எட்டு மணிக்கு மேல், வேறு உலகம். ட்வீட்டர் கோனுக்கு நடுவில் இருப்பதால் குரல் ஒரு புள்ளியிலிருந்து வருகிறது. இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமில்லாத இடத்தில், ஆள் நின்று பாடுகிறார். தங்கச்சி முதல் நாள் அந்த இடத்தில் கையை நீட்டிப் பார்த்தாள். மாசியில் காமன் கூத்தின்போது நான் சின்ன ரெக்கோடரில் பதிந்து வைத்த தப்பு மேளம் ஒன்று இருக்கிறது. முதல் முறை அதில் இரண்டு தப்பு கேட்டது. இத்தனை வருடமாய் ஒன்று என்றே நினைத்திருந்தேன். ஒருவர் அடித்ததும் மற்றவர் ஒரு இழை பிந்தி விழுகிறார். தோல் காய்ச்சிய இறுக்கம்கூடத் தெரிகிறது.

ஆழமான பாஸ் இல்லை. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கக் குறைந்துகொண்டே போகும், ஐந்தேகால் அங்குலக் கோனிடம் அதற்கு மேல் கேட்கவும் கூடாது. இப்போதைய சினிமாப் பாட்டில் வரும் இடி இதில் தட்டலாகத்தான் வரும். கல்யாண வீட்டுக்கு வேண்டுமென்றால் டவுனில் மின்னும் பெட்டியே வாங்குங்கள். பின்பக்கத்தில் காற்றுத் துளை இருப்பதால் சுவரோடு ஒட்டி வைத்தால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஒன்றரை அடி முன்னுக்கு இழுத்தபோது சரியானது. அதனால் சின்ன அறையில் நடக்க இடமில்லை என்பது அம்மாவின் பட்டியலில் புதிதாய்ச் சேர்ந்தது.

அந்தக் குழியா? ஒவ்வொரு பக்கமாக, ஒரே பாட்டை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தங்கச்சி மாற்றி மாற்றிப் போட்டாள். பத்தில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். 17,000 ரூபா லாபம்.

அப்பாவுக்குத்தான் திருப்தியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழ் லயத்து வீடுகளுக்குக் கேக்காதே" என்றார்.

ஸ்டாண்ட் இன்னும் வாங்கவில்லை. உட்கார்ந்தால் கோன் காது உயரத்துக்கு வரவேண்டும். அதற்கு லொறியிலிருந்து இறக்கிய பிளாஸ்டிக் மரக்கறிக் கூடைகள் கச்சிதம். பக்கத்துக்கு இரண்டாய்க் கவிழ்த்து, கீழ்க் கூடைக்குள் செங்கல் வைத்திருக்கிறேன், ஆடுவதில்லை. பையன் நேற்றும் வாசலில் நின்று கேட்டான், "மிஸ், முதலாளி கூடை எண்ணுறாரு. நாலும் எப்ப தருவீங்க?"